"எதுக்குப் பேசுறோம்னு தெரியாம என்னால பேச முடியலை": ஒரு வாசகருக்கு மனநல ஆலோசகரின் பதில்

வாசகர் எழுதினது

நாலு பக்கத்துக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. எழுதினவர் யாருன்னு தெரியாத அளவுக்கு விவரங்களை எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தர்றேன். அவருக்கு 44 வயசு, பன்னெண்டு பேர் இருக்கிற ஒரு டீமுக்கு ஹெட், கல்யாணம் ஆகி 17 வருஷம், 15 வயசுல ஒரு பொண்ணு. "ஒரு பேச்சை ஆரம்பிச்சா முடியும்போது ஒரு முடிவு கையில இருக்கணும் மேடம், இல்லைன்னா அந்த நேரம் வீணாப் போன மாதிரி எனக்கு உறுத்தும்"னு ஆரம்பிக்கிறார்.

மூணு சம்பவம் சொல்லியிருக்கார். ஒரு நாள் ராத்திரி அவர் மனைவி, "வேலையை விட்டுடலாமான்னு இருக்கு"ன்னு சொல்லியிருக்காங்க. இவர் உடனே லேப்டாப்பைத் திறந்து, கையில இருக்கிற சேமிப்பு எத்தனை மாசம் தாங்கும்னு எக்செல்ல போட்டுக் காட்டி, "மூணு மாசத்துல விட்டுடு, சமாளிக்கலாம்"னு சொல்லிட்டார். ஆனா அவங்க சந்தோஷப்படலை, "இல்ல, அவ்ளோ மோசமெல்லாம் இல்ல, மேனேஜர் நல்லவங்கதான்"னு அந்த வேலைக்கே வக்காலத்து வாங்க ஆரம்பிச்சுட்டாங்களாம். அதோட நின்னிருந்தாக்கூட பரவாயில்லை, அடுத்த வாரம் அண்ணன்கிட்ட பேசும்போது "அவ வேலையை விடப் போறா"ன்னு இவர் சொல்லி, அது சொந்தக்காரங்க நடுவுல சுத்தி, யாரோ நேரா அவங்களுக்கே போன் பண்ணி கேட்டுட்டாங்க. நாலு நாள் பேச்சில்லை. அஞ்சாவது நாள் அவங்க சொன்னது ஒரே ஒரு வரி, "நான் பேசுறதை எல்லாம் நீங்க மீட்டிங் மினிட்ஸ் மாதிரி எழுதிக்கறீங்க."

ரெண்டாவது பொண்ணு. "எனக்கு சயின்ஸ் பிடிக்குதான்னே தெரியலப்பா"ன்னு ஒரு தடவை சொன்னா, அந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள இவர் வேற என்னென்ன படிப்பு இருக்குன்னு ஒரு டேபிள் ரெடி பண்ணிட்டார். அதுக்கப்புறம் என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்லப்பா"தான். மூணாவது ஆபீஸ்ல, புதுசா சேர்ந்த ஒருத்தர் "இதை வேற மாதிரி யோசிச்சுப் பார்த்தா என்ன"ன்னு ஆரம்பிக்க, இவர் "யார் பண்ணுவா, எத்தனை நாள் ஆகும்"னு கேக்க, அவர் அப்படியே வாயை மூடிட்டார். பின்னாடி ஒரு சீனியர் தனியா வந்து, "உங்க முன்னாடி அரைகுறையா யோசிக்க எல்லாரும் பயப்படுறாங்க"ன்னு சொல்லியிருக்கார்.

கேள்விகள் இதுதான். இது என் குணமா, குறையா? ஆம்பளைங்க பொதுவாவே இப்படித்தானே? பயனில்லாத பேச்சு பேசாதேன்னு திருக்குறளே சொல்லுதே? இனிமே யோசனையே சொல்லாம வெறுமனே கேட்டுக்கலாமா, இல்ல தினம் அரை மணி நேரம் சும்மா பேசுறதுக்குன்னு டைம் ஒதுக்கலாமா, இல்ல என்ன வேணும்னு அவங்களையே முன்கூட்டி சொல்லச் சொல்லலாமா? "பாயிண்ட் பாயிண்டா பதில் சொல்லுங்க, எமோஷனலா வேண்டாம்"னு முடிச்சிருக்கார்.

உங்களுக்கு என் பதில்

வணக்கம். பாயிண்ட் கேட்டீங்க, முடிஞ்ச வரைக்கும் தர்றேன், ஆனா எல்லாத்தையும் பாயிண்ட்ல அடைக்க முடியாது. ஏன்னா உங்க கடிதமே பாயிண்ட்ல இல்லை. அதைப் பத்தி கடைசில வர்றேன்.

முதல் கேள்விக்கு நேரா பதில் சொல்லிடறேன். ஒரு நோக்கத்தோட பேசுறது குறை இல்லை. ஒரு பிரச்சனையைக் கேட்ட உடனே எழுந்து உக்காந்து கணக்கு போடுற மனுஷன் வீட்டுல இருக்கிறது பெரிய பலம், அதை நான் மனசாரச் சொல்றேன். மனைவி "விட்டுடலாமான்னு இருக்கு"ன்னு சொன்னப்ப "சும்மா இரு"ன்னு நீங்க திரும்பிப் படுக்கலையே, உங்களால முடிஞ்ச வழியில அக்கறை காட்டினீங்க. தப்பு எங்க நடந்துச்சுன்னா, அவங்க ஒரு விதமான பேச்சுல இருந்தாங்க, நீங்க வேற ஒரு பேச்சுல இருந்தீங்க, ரெண்டு பேருக்கும் அது தெரியலை. உங்க மூணு சம்பவத்துலயும் இதேதான் நடந்திருக்கு.

ரெண்டு பேச்சு, ரெண்டு சட்டம்

நான் இதை எங்கிட்ட வர்றவங்களுக்கு இப்படித்தான் பிரிச்சுச் சொல்வேன். ஒண்ணு முடிவுக்குப் போற பேச்சு, இன்னொண்ணு தேடுற பேச்சு. முதல் வகைல பேசுறவருக்கு தன் மனசுல என்ன இருக்குன்னு ஏற்கனவே தெரியும், அதை உங்ககிட்ட சேர்க்கணும், ஒரு பதில் வாங்கணும், அவ்வளவுதான். ரெண்டாவது வகைல பேசுறவருக்கே தன் மனசுல என்ன இருக்குன்னு தெரியாது, தெரிஞ்சுக்கத்தான் பேசுறார், பேசப் பேசத்தான் அவருக்கே புரியும். இருட்டு ரூம்ல சுவிட்சைத் தேடி சுவத்தைத் தடவுற மாதிரி. கை பட்ட ஒவ்வொரு இடத்தையும் "இதுதானே நீ தேடினது?"ன்னு கேட்டுட்டே இருந்தா யாரா இருந்தாலும் தடவுறதையே நிறுத்திடுவாங்க இல்லையா.

ரெண்டுக்கும் சட்டம் வேற வேற. முடிவுக்குப் போற பேச்சுல சொன்ன வார்த்தைக்குப் பொறுப்பு உண்டு, "நீதானே அன்னைக்கு சொன்னே"ன்னு கேக்கலாம். தேடுற பேச்சுல அப்படிக் கேக்கவே கூடாது. அங்க ஒருத்தர் ஒரு நிமிஷத்துக்கு முன்னாடி சொன்னதுக்கு நேர் எதிரா இப்ப சொல்லலாம், பாதியில விட்டுட்டுப் போகலாம், தப்பாவும் சொல்லலாம், அதுக்கெல்லாம் இடம் இருந்தாத்தான் அது தேடுறது. "விட்டுடலாமான்னு இருக்கு"ன்னு உங்க மனைவி சொன்னாங்களே, அந்த "மான்னு இருக்கு"ல தான் எல்லாமே இருக்கு. நம்ம மொழியிலயே அதுக்கு தனி வடிவம் இருக்கு, "விடப்போறேன்" வேற, "விட்டுடலாமான்னு இருக்கு" வேற. நீங்க ரெண்டாவதைக் கேட்டுட்டு அண்ணன்கிட்ட முதலாவதைச் சொல்லிட்டீங்க. பொண்ணு சொன்னதும் அதே மாதிரிதான், "பிடிக்கலை"ன்னு அவ சொல்லலை, "பிடிக்குதான்னே தெரியலை"ன்னா.

இதை நான் மட்டும் புதுசா சொல்லலை. டேவிட் போம்னு ஒரு பௌதிக விஞ்ஞானி, 1992ல காலமானார், வாழ்க்கையோட பிற்பகுதியில மனுஷங்க சேர்ந்து எப்படிப் பேசுறாங்கங்கிறதுலயே மூழ்கிப் போனவர். இருபதுலேர்ந்து நாப்பது பேர் வரைக்கும் வட்டமா உக்காந்து, அஜெண்டா எதுவும் இல்லாம, எந்த முடிவும் எடுக்கணும்கிற கட்டாயம் இல்லாம பேசிப் பார்க்கணும்னு அவர் சொன்னார். ஒரு முடிவு எடுத்தே ஆகணும்னு வந்துட்டா, அவங்கவங்க தன் கட்சியைக் காப்பாத்திக்கிறதுலயே இறங்கிடுவாங்க, புதுசா எதையும் பார்க்க மாட்டாங்கன்னு அவர் கருத்து. வீட்டுல நாப்பது பேர் வேண்டாம், ரெண்டு பேர் போதும், ஆனா விஷயம் அதேதான்.

அவங்க ஏன் திடீர்னு வேலைக்கு வக்காலத்து வாங்கினாங்க

இது உங்களுக்கு ரொம்பக் குழப்பமா இருந்ததுன்னு எழுதியிருக்கீங்க, "அவங்க சொன்னதைத்தானே நான் சொன்னேன், அப்புறம் ஏன் எதிர்த்தாங்க"ன்னு. எங்க துறையில இதுக்கு நல்ல பதில் இருக்கு. வில்லியம் மில்லர்னு ஒரு உளவியலாளர் குடிப்பழக்கத்துலேர்ந்து வெளிய வர நினைக்கிறவங்களோட வேலை பார்த்தவர், 1983ல ஒரு பேச்சு முறையை எழுதினார், அப்புறம் ஸ்டீஃபன் ரோல்னிக்கும் அவரும் சேர்ந்து அதை வளர்த்தாங்க, இன்னைக்கு உலகம் முழுக்க ஆலோசகர்கள் அதைப் படிக்கிறோம். அவங்க கவனிச்சது இதுதான். ரெண்டு மனசா இருக்கிற ஒருத்தர்கிட்ட நீங்க ஒரு பக்கத்தை எடுத்துப் பேசினா, அவர் தானா மறுபக்கத்தை எடுத்துப்பார். "குடியை விடு"ன்னு வற்புறுத்தினா, விடாம இருக்கிறதுக்கான காரணங்கள்தான் அவர் வாயிலேர்ந்து வரும். ஒரு தப்பைப் பார்த்த உடனே சரி பண்ணிடணும்னு கை பரபரக்குது பாருங்க, அதை ஒரு அனிச்சைச் செயல் மாதிரின்னு அவங்க சொன்னாங்க. சரி பண்ண வர்ற கையே சில நேரம் ஆளை எதிர்த் திசையில தள்ளிடும்.

உங்க மனைவிக்குள்ள "விடணும்"னு ஒரு குரலும் "விடக்கூடாது"ன்னு ஒரு குரலும் இருந்துச்சு. ரெண்டையும் வெளிய எடுத்து வச்சுப் பார்க்கலாம்னு உங்ககிட்ட வந்தாங்க. நீங்க முதல் குரலைப் பறிச்சுக்கிட்டீங்க, அப்ப அவங்க கையில மிச்சம் இருந்தது ரெண்டாவது குரல் மட்டும்தான், அதைத்தான் பேசினாங்க. உங்க எக்செல் கணக்கு தப்பா இருக்கணும்னு அவசியமே இல்லை, சரியாவே இருந்திருக்கும். இன்னும் கேட்டு முடிக்காத ஒரு கேள்விக்கு பதிலா அது வந்துடுச்சு, அவ்வளவுதான்.

குறளும், ஆம்பளைங்க விஷயமும்

திருக்குறள்ல "பயனில சொல்லாமை" 20வது அதிகாரம், சரிதான். ஆனா அதை எதுக்குப் பயன்படுத்துறோம்னு பாருங்க. அந்த அதிகாரம் தொடங்குறதே, கேக்குற பலரும் வெறுக்கற மாதிரி பயனில்லாததைப் பேசுறவனைப் பத்தி. அதாவது பேசுறவன் தன் நாக்கை அடக்கிக்கறதுக்கு சொன்னது அது, வீட்டுல அடுத்தவங்க பேசுறதுக்கு மார்க் போட நம்ம கையில கொடுத்த பேனா இல்லை. அதே வள்ளுவர்தான் மக்கட்பேறு அதிகாரத்துல, குழலும் யாழும் இனிதுன்னு சொல்றவங்க தங்க பிள்ளைங்களோட மழலையைக் கேக்காதவங்கன்னு சொன்னார். மழலைல என்ன தகவல் இருக்கு, என்ன முடிவு இருக்கு சொல்லுங்க? உங்க பொண்ணுக்கு இப்ப 15 வயசு, மழலை போயிடுச்சு, ஆனா தன் வாழ்க்கையைப் பத்தி அவ இப்பத்தான் பேசிப் பழகுறா, அந்த விஷயத்துல அவளோட மழலை இதுதான்.

பயன்ங்கிறது முடிவு மட்டும் இல்லை. மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923லயே இதைப் பத்தி எழுதியிருக்கார். மனுஷங்க பேசுற பேச்சுல நிறைய, தகவல் சொல்றதுக்கே இல்லை, "நான் உன்கூட இருக்கேன்"னு ஒரு கட்டைப் போட்டுக்கறதுக்குத்தான்னு. ராத்திரி படுக்கும்போது "இன்னைக்கு என்ன வெயில்"னு ஒருத்தர் சொன்னா அது வானிலை அறிக்கை இல்லைன்னு நமக்குத் தெரியாதா என்ன.

ஆம்பளைங்க பொதுவா இப்படித்தான்கிறதை நான் அப்படியே ஒத்துக்க மாட்டேன். பெண்கள் உறவுக்காகப் பேசுறாங்க, ஆண்கள் தகவலுக்காகப் பேசுறாங்கங்கிற கருத்து 1990கள்ல ரொம்ப பிரபலமாச்சு, அதுல கொஞ்சம் கவனிப்பும் இருக்கு. ஆனா எங்கிட்ட வர்ற தம்பதிகள்ல, கணவர் மனசுவிட்டுப் பேச வந்து மனைவி நறுக்குன்னு தீர்வைச் சொல்லி அனுப்பின கதையும் நிறைய உண்டு. "நான் ஆம்பளை, அதனால இப்படி"ன்னு வச்சுக்கிட்டா மாத்திக்கறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆயிடும், அதுதான் எனக்குக் கவலை. இது பழக்கம், பழக்கத்தை மாத்த முடியும்.

நீங்க கேட்ட மூணு வழி

முதல் வழி, இனி யோசனையே சொல்லாம இருக்கிறது. இதை வேண்டாம்னுதான் சொல்வேன். உங்க மனைவிக்கு உங்க கணக்குத் திறமை தேவைப்படுற நாளும் வரும், அன்னைக்கு நீங்க "ம்" கொட்டிக்கிட்டு உக்காந்திருந்தா அதுவும் கைவிட்ட மாதிரிதான். அதோட, உள்ள பத்து யோசனை கொதிக்க வெளிய அமைதியா இருக்கிற முகம் எப்படி இருக்கும்னு நினைக்கிறீங்க, அவங்களுக்குத் தெரிஞ்சுடும். வாயை மூடுறதும் கேக்குறதும் ஒண்ணு இல்லை.

ரெண்டாவது வழி, தினம் அரை மணி நேரம் ஒதுக்கறது. ஐடியா கெட்டது இல்லை, ஆனா "சரி, எட்டரை ஆச்சு, வா மனசுவிட்டுப் பேசலாம்"னு எதிர்ல உக்காந்தா அது இன்னொரு மீட்டிங்தான். தேடுற பேச்சு பெரும்பாலும் கை வேற ஏதோ வேலையில இருக்கும்போது வரும், துணி மடிக்கும்போது, நடக்கும்போது, வண்டியில பக்கத்துல பக்கத்துல உக்காந்து ரெண்டு பேரும் ரோட்டைப் பார்த்துட்டுப் போகும்போது. அதனால பேசுறதுக்கு நேரம் ஒதுக்காதீங்க, கூட இருக்கிறதுக்கு ஒதுக்குங்க, பேச்சு வந்தா வரட்டும், வரலைன்னா அந்த நேரம் வீணாயிடலை.

மூணாவது வழி, என்ன வேணும்னு அவங்களை முன்கூட்டி சொல்லச் சொல்றது. இதுலதான் உங்களுக்கு வேலை ஆகும், ஆனா ஒரு திருத்தத்தோட. சொல்ற பொறுப்பை அவங்க தலையில மட்டும் வைக்காதீங்க. பல நேரம் ஆரம்பிக்கும்போது அவங்களுக்கே தெரியாது. அதனால கேக்குற வேலை உங்களோடதா இருக்கட்டும், "இப்ப நான் கூட யோசிக்கணுமா, இல்ல கேட்டுக்கிட்டு இருந்தா போதுமா?" இந்த ஒரு கேள்வி போதும். அதையும் அவங்க வாயைத் திறந்த உடனே கேட்டுடாதீங்க, நாலு வாக்கியம் போகட்டும். நடுவுல மாறினாலும் மாறலாம், அப்ப இன்னொரு தடவை கேளுங்க.

நீங்க கேக்காத ஒரு நாலாவது விஷயம், உங்களுக்கும் உரிமை உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு, நாள் முழுக்க பன்னெண்டு பேர் பிரச்சனையைத் தீர்த்துட்டு வந்த தலைக்கு, எங்க போகும்னு தெரியாத ஒரு பேச்சைத் தாங்க முடியாம இருக்கலாம், அதுல தப்பே இல்லை. "இன்னைக்கு எனக்கு முடியலை, நாளைக்கு காலையில நடக்கும்போது முழுசா கேக்கறேன்"னு சொல்லலாம், ஆனா சொன்னா நாளைக்கு நீங்கதான் ஆரம்பிக்கணும். 2021ல அமெரிக்காவுல 932 உரையாடல்களை வச்சு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ரெண்டு பேரும் முடியணும்னு நினைச்ச நேரத்துலயே முடிஞ்ச பேச்சு 2 சதவீதம் அளவுக்குத்தான் இருந்துச்சாம். பெரிய காரணம், தான் என்ன நினைக்கிறோம்ங்கிறதை மத்தவர்கிட்டேர்ந்து ஒவ்வொருத்தரும் மறைக்கிறது. நாகரீகத்துக்காக உக்காந்து உள்ளுக்குள்ள பல்லைக் கடிக்கறதை விட நேரா சொல்லிடறது ரெண்டு பேருக்கும் நல்லது.

முதல்ல சரி பண்ண வேண்டியது

அண்ணன்கிட்ட சொன்னதை நீங்க கடிதத்துல ஒரே வரியில தாண்டிப் போயிட்டீங்க, "அது தெரியாம நடந்தது"ன்னு. நான் அங்க நிக்கறேன், மன்னிச்சுக்கோங்க. உங்க மனைவியோட கோபம் எக்செல்னால இல்லைன்னு நினைக்கிறேன். தேடுற பேச்சுல சொன்னது அந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது, அது அவங்களோட உரிமை. இன்னும் முடிவாகாத ஒண்ணை நீங்க வெளிய சொன்னதும், அவங்க அதுக்கு ஊர் முழுக்க விளக்கம் சொல்ல வேண்டிய நிலைமை ஆயிடுச்சு, விட்டாலும் பேசுவாங்க, விடலைன்னாலும் "என்ன, விடறதா சொன்னியாமே"ன்னு கேப்பாங்க. முடிவெடுக்கிற சுதந்திரமே அங்க சுருங்கிப் போச்சு. வேலை பார்க்குற இடத்துல யார் காதுலயாவது விழுந்தா நிஜமாவே நஷ்டமும் வரலாம்.

இதுக்கு மன்னிப்பு கேக்கும்போது "உன் நல்லதுக்குத்தான்"கிற வார்த்தை வேண்டாம், "நீதானே சொன்னே"வும் வேண்டாம். "நீ யோசிச்சுக்கிட்டு இருந்ததை நான் முடிவாச்சுன்னு வெளிய சொல்லிட்டேன், அது என் தப்பு, அண்ணன்கிட்ட அப்படி எதுவும் முடிவாகலைன்னு நானே சொல்லிட்டேன்"னு சொல்லுங்க. சொல்றதுக்கு முன்னாடி அண்ணன்கிட்ட அதை நிஜமாவே சொல்லிட்டு வந்திருக்கணும். அதுக்கு அப்புறமும் உடனே அவங்க பழைய மாதிரி பேசுவாங்கன்னு எதிர்பார்க்காதீங்க, நாலு தடவை பாதுகாப்பா இருந்ததுன்னு பார்த்துட்டுத்தான் அஞ்சாவது தடவை மனசு திறக்கும்.

பொண்ணு விஷயம்

"ஒண்ணுமில்லப்பா"ங்கிறது கதவைச் சாத்தினதுதான், பூட்டுனது இல்லை. திறக்கறதுக்கு கேள்வி கேக்காதீங்க, முக்கியமா "சயின்ஸ் பத்தி யோசிச்சியா"ன்னு கேக்கவே கேக்காதீங்க. அந்த டேபிளை எடுத்து வச்சுடுங்க, அவ கேட்டா மட்டும் கொடுங்க. ஒரு தடவை மட்டும் சொல்லுங்க, "நீ அன்னைக்கு சும்மா சொல்லிப் பார்த்தே, நான் ரொம்ப வேகமாப் போயிட்டேன்." அதுக்கு அவ பதில் சொல்லணும்னு நிக்காதீங்க.

அவ மறுபடி ஏதாவது ஆரம்பிச்சா ஒரே ஒரு டெக்னிக் சொல்றேன், இது வகுப்பறையில கண்டுபிடிச்சது. மேரி பட் ரோன்னு ஒரு கல்வி ஆராய்ச்சியாளர் 1970கள்ல எழுதினது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு நொடிதான் காத்திருக்காங்க, அதை 3 நொடியா ஆக்கினா பிள்ளைங்க சொல்ற பதிலோட நீளமே கூடுது, "தெரியலை"ங்கிறதும் பதிலே சொல்லாம நிக்கறதும் குறையுது, யாரும் கேக்காமலே பேச வர்ற பிள்ளைங்களும் அதிகமாகுறாங்க. மூணு நொடி கேக்க சின்னதாத்தான் இருக்கும், மனசுக்குள்ள எண்ணிப் பாருங்க, உங்களை மாதிரி ஆளுக்கு அது ரொம்பப் பெருசாத் தெரியும். அவ பேசி நிறுத்தின இடம் முடிஞ்ச இடம்னு நினைக்காதீங்க, பல நேரம் மூச்சு வாங்குற இடம் அது. அந்த மூணு நொடிக்கு அப்புறம் வர்றதுதான் நிஜ விஷயமா இருக்கும்.

கேள்வி கேட்டே ஆகணும்னா, அவ சொன்ன வார்த்தையிலேர்ந்து கேளுங்க, உங்க தலையில இருக்கிற லிஸ்ட்லேர்ந்து வேண்டாம். "பிடிக்குதான்னு தெரியலைன்னா, முன்ன எப்படி இருந்துச்சு?" இந்த மாதிரி. "அப்ப என்ன படிக்கப் போறே?"ங்கிறது முடிவுக்குப் போற கேள்வி. அதுக்கு ஒரு காலம் வரும், பாடம் தேர்வு செய்ய கடைசித் தேதி நெருங்கும்போது நீங்களே, "இந்த ஞாயித்துக்கிழமை நாம முடிவு பண்ணணும்"னு சொல்லலாம், அது அவளுக்கும் நல்லதுதான். பேசிக்கிட்டே இருந்து எதையும் முடிவு பண்ணாம தேதியைத் தாண்ட விடுறது இன்னொரு பக்கத்துத் தப்பு, அதுல மாட்டின குடும்பங்களையும் நான் பார்த்திருக்கேன், வருஷக் கணக்கா "பார்க்கலாம்"ல ஓடும். ஆனா எது எந்தப் பேச்சுன்னு அவளுக்குத் தெரியணும். "இன்னைக்கு முடிவு எதுவும் இல்லை"ன்னு நீங்க சொன்னா, அன்னைக்கு நிஜமாவே முடிவு இருக்கக் கூடாது.

எப்ப சட்டுன்னு மாத்தணும்

இதை மட்டும் கவனமாப் படிங்க. தேடுற பேச்சு எவ்ளோ தூரம் போனாலும் கூடவே போங்கன்னு சொன்னேன், அதுக்கு விதிவிலக்கு இருக்கு. உங்க பொண்ணோ மனைவியோ "இருக்கவே பிடிக்கலை"ங்கிற மாதிரி ஏதாவது சொன்னா, யாரோ தொந்தரவு பண்றாங்கன்னோ மிரட்டுறாங்கன்னோ சொன்னா, அங்க மூணு நொடி அமைதியோட நிறுத்திக்கக் கூடாது, நேரா கேக்கணும். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?"ன்னு வாயைத் திறந்து கேக்கலாம், கேக்கறதுனால இல்லாத எண்ணம் புதுசா வந்துடாது, பல பேருக்கு யாரோ ஒருத்தர் கேட்டாங்களேன்னு பாரம்தான் குறையும். கேட்டுட்டு தனியா விடாதீங்க, அன்னைக்கே டாக்டரையோ ஆலோசகரையோ பாருங்க. அந்த நேரத்துல "வெளிய சொல்ல மாட்டேன்"னு சத்தியமும் பண்ணாதீங்க, பாதுகாப்புக்கு யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்லப் போறேன்னு அவங்களுக்குத் தெரிய வச்சுட்டுச் சொல்லுங்க. உங்க செயல்வேகம் முழுசா தேவைப்படுற இடம் இது.

ஆபீஸ்

இங்க சுருக்கமா முடிச்சுடறேன், இதுல நீங்க சீக்கிரம் பிடிச்சுப்பீங்கன்னு நம்பறேன். ஒரே மீட்டிங்ல ஐடியாவையும் முடிவையும் சேர்க்காதீங்க, ரெண்டையும் பிரிங்க. பிரெயின்ஸ்டார்மிங்கை பிரபலப்படுத்தின அலெக்ஸ் ஆஸ்போர்னோட அடிப்படை விதியே, ஐடியா வரும்போது தீர்ப்பைத் தள்ளி வைக்கணும்கிறதுதான். ஆனா எல்லாரையும் ஒரு ரூம்ல உக்கார வச்சு கத்த விட்டா ஐடியா கொட்டும்னும் நினைக்காதீங்க. 1958ல யேல் பல்கலைக்கழகத்துல பண்ணின சோதனையிலயே, தனித்தனியா யோசிச்சு அப்புறம் சேர்த்தப்பதான் குழுவா யோசிச்சதை விட அதிக ஐடியா வந்துச்சு. அதனால முதல்ல பத்து நிமிஷம் ஆளுக்கு ஆள் எழுதட்டும், அப்புறம் படிக்கட்டும், நீங்க கடைசில பேசுங்க. "யார் பண்ணுவா, எத்தனை நாள்"ங்கிற கேள்வியை வேற ஒரு நாளுக்கு வச்சுக்கோங்க. அந்தப் புதுப் பையன்கிட்ட தனியாப் போய், "அன்னைக்கு பாதியில நிறுத்தினீங்களே, மிச்சத்தைச் சொல்லுங்க, இன்னைக்கு நான் தேதி கேக்க மாட்டேன்"னு சொல்லுங்க. அவர் சொல்லி முடிச்சதும் நன்றி மட்டும் சொல்லிட்டு வாங்க.

உங்க கடிதத்தோட மூணாவது பக்கம்

பாயிண்ட் பாயிண்டா பதில் வேணும்னு கேட்டவர், எழுதினது நாலு பக்கம். முதல் ரெண்டு பக்கம் சம்பவங்கள், வரிசையா, தேதியோட. மூணாவது பக்கத்துல நடுவுல, எந்தச் சம்பந்தமும் இல்லாம, உங்க அப்பா வந்துட்டார். "அப்பாகிட்ட பேசணும்னா விஷயம் இருக்கணும், மார்க் ஷீட், ஃபீஸ், ஏதாவது கையெழுத்து. விஷயம் இல்லாம போய் நின்னா என்ன வேணும்னு கேப்பார், ஒண்ணும் வேணாம்னு திரும்பி வந்துடுவேன்." அப்புறம் ஒரு வரி, "இதை ஏன் இங்க எழுதுறேன்னு தெரியலை, சம்பந்தமில்லைன்னா விட்டுடுங்க."

ஏன் எழுதினீங்கன்னு நானும் சொல்லப் போறதில்லை. ஆனா உக்காந்து எழுதும்போது அது வரும்னு உங்களுக்குத் தெரியாது, எழுத எழுத வந்துச்சு, இல்லையா? நான் மேல தேடுற பேச்சுன்னு சொன்னேனே, அதை நீங்க ஏற்கனவே பண்ணியிருக்கீங்க, முன்னப்பின்ன தெரியாத என்கிட்ட. "ஒண்ணும் வேணாம்"னு திரும்பி வந்த அந்தப் பையனும், "ஒண்ணுமில்லப்பா"ன்னு சொல்ற உங்க பொண்ணும் எவ்ளோ பக்கத்துல நிக்கறாங்கன்னு படிக்கும்போது எனக்குத் தோணுச்சு, உங்களுக்கு அப்படித் தோணலைன்னா பரவாயில்லை.

அண்ணன் விஷயத்துல மன்னிப்பு கேட்டு கொஞ்ச நாள் போனதும், அந்த மூணாவது பக்கத்தை உங்க மனைவிகிட்ட படிச்சுக் காட்டுங்க. அவங்க என்ன சொல்லணும்னு எதுவும் கேக்காதீங்க. படிச்சு முடிச்சதும் அடுத்து என்னன்னு பார்க்காம அங்கேயே உக்காந்திருங்க, அதுக்கப்புறம் பேச்சு எங்க போச்சுன்னு எனக்கு எழுதணும்னு அவசியமே இல்லை.